கால் மறக்காது, கண் மறக்கும்

சைக்கிளும் நீச்சலும் ஒரு தடவை வந்துவிட்டால் சாகும்வரை மறக்காது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கும் இதே ஆறுதல்தான் கிடைக்கும். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. உடம்பு எதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்று மூளை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருப்பது, மறுபடி வண்டி எடுக்கும் ஒவ்வொருவரின் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

என் தாய்மாமா காலமான பிறகு அவருடைய புல்லட் என்னிடம் வந்தது. மாமா நாமக்கல்காரர். இரண்டு பக்கமும் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு ஊட்டி, மூணாறு, தனுஷ்கோடி என்று அந்த வண்டியிலேயே சுற்றியவர். 350 சிசி, பழைய வார்ப்பிரும்பு என்ஜின், வலது காலில் கியர். திருவொற்றியூரில் செய்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்ததில் பிறந்த தொழிற்சாலை அது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் சென்னையில் அதே புல்லட் உருண்டுகொண்டே இருந்தது. இந்த வண்டியின் கிக்கர் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. மாமா பாதத்தைச் சற்றுச் சாய்த்து மிதிப்பார்.

காகித வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க முடியும். சட்டம் இங்கே மூளை அறிவியலோடு ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன்.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குத் தீராத வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் புது நினைவு எதுவும் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், முன்பின் பார்க்காதவராகவே தெரிவார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். நட்சத்திரப் படத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். யார் செய்தாலும் முதலில் கை தாறுமாறாக ஓடும். மொலைசன் மூன்று நாள் செய்தார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அது புது வேலை. முந்தைய நாள் செய்த ஞாபகமே இல்லை. ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது.

நடந்ததை நினைவில் வைக்கும் இடமும் செய்வதை நினைவில் வைக்கும் இடமும் மூளையில் வேறு வேறு என்பதை இந்த ஒரு மனிதர் நமக்குக் காட்டிவிட்டுப் போனார். கைகால் பழக்கங்களைச் சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள்களும் பார்த்துக்கொள்கின்றன. கடைசியாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய நாள் எதுவென்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கிளட்சை விட்டதும், முதல் சில கஜத்திலேயே இடுப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

கைகால் நினைவுக்குள்ளேயும் பிரிவு உண்டு. ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும் திறன்கள், அதாவது சமநிலையும் திசை பிடிப்பதும், வருடக்கணக்கில் தேயாமல் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய படிகளோ சீக்கிரம் உதிர்ந்துவிடும். எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்த விமானியானாலும் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய புல்லட்டைக் கிளப்புவது அப்படிப்பட்ட வேலை. சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும். உள்ளே பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். இடக்கையில் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விட்டுக்கொண்டே கிக்கரை இன்னும் இம்மியளவு இறக்க வேண்டும். பிறகு நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழு எடையோடு ஒரே மிதி. இதில் ஒரு படி தவறினாலும் வண்டி கிளம்பாது, அல்லது கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

கிளம்பிவிட்டால் அந்தச் சத்தம்! இதை ரசிக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். நிமிடத்துக்கு 900 சுற்றில் வண்டி நின்றுகொண்டிருந்தால் விநாடிக்கு ஏழரை வெடிப்பு. விநாடிக்கு ஏறத்தாழ 20 துடிப்புக்குக் கீழே இருப்பதை நம் காது தொடர்ந்த சுரமாகக் கோத்துக்கொள்ளாது. தனித்தனி அடியாகவே கேட்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி 1,300 சுற்றில் நின்றாலும் விநாடிக்கு 21 முறைக்கு மேல் வெடித்துவிடும். அதனால் அது ரீங்காரம். புல்லட் நம் செவியின் அந்த எல்லைக் கோட்டுக்குக் கீழே நின்று பேசுகிறது.

இனி வலது கால். ஜப்பானியக் கூட்டோடு வந்த வண்டிகளில் பழகியவர்களுக்குக் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். பழைய புல்லட், பிரிட்டிஷ் வழக்கப்படி, நேரெதிர். கியர் வலது, முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது. நிதானமாகப் போகும்போது இது பெரிய தொந்தரவு இல்லை, புத்தி காலுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வரும். அவசரத்தில் புத்திக்கு நேரம் இருக்காது. நாய் குறுக்கே ஓடினால், பழைய பழக்கம் வலக்காலை ஓங்கி மிதிக்கச் சொல்லும். புல்லட்டில் அந்த மிதி பிரேக் இல்லை. கியரை மேலே ஏற்றும் மிதி. என்ஜினின் பிடியும் குறையும், பிரேக்கும் விழாது. ஆழமாகப் பதிந்த பழக்கம் புதுப் பழக்கத்துக்கு இடையூறாக வந்து நிற்பதை உளவியலாளர்கள் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின், ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும் சைக்கிள் ஒன்றை ஓட்டப் பழகினார். எட்டு மாதம் பிடித்தது. அவருடைய சிறு மகனுக்கு இரண்டே வாரம். மறக்காமல் இருப்பது எப்போதும் வரமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சைக்கிள் என்றதும், அதில் ஒளிந்திருக்கும் ஒரு ஆச்சரியத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஓடும் மோட்டார் சைக்கிளை வலப்பக்கம் திருப்ப, ஹேண்டிலை முதலில் இடப்பக்கம் திருப்ப வேண்டும். வலக்கைப் பிடியை முன்னால் தள்ளினால் முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் ஓடும். சக்கரங்கள் நம் உடம்புக்கு அடியிலிருந்து இடப்பக்கம் விலகியதும், உடம்பும் வண்டியும் வலப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகுதான் ஹேண்டில் தானாக வலப்பக்கம் வரும். நாம் எல்லோரும் சிறுவயதில் சைக்கிள் கற்ற நாளிலிருந்து இதைத்தான் செய்கிறோம், தெரியாமல். விமானம் செய்த ரைட் சகோதரர்களின் தொழில் சைக்கிள் கடை. அவர்களில் வில்பர், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்து, சரியாகச் சொல்பவர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை என்று கண்டார்.

வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்பதற்குப் பம்பரத்தைப் போல் சுழலும் சக்கரம் நிமிர்த்திப் பிடிக்கிறது என்ற விளக்கத்தைப் பள்ளியில் கேட்டிருப்போம். சக்கரத்தின் சுழற்சிக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் காரணமில்லை. சுழற்சியின் விளைவை ஒழித்துவிட, எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரங்களைப் பூட்டிய ஒரு சைக்கிளை அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்தார்கள். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தையும் வழக்கத்துக்கு மாறாக வைத்தார்கள். தள்ளிவிட்டால் ஆளே இல்லாமல் அது நிமிர்ந்து ஓடியது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பது உள்பட எத்தனையோ காரணங்கள் கூடித்தான் வண்டியை நிமிர்த்துகின்றன. கணிதம் இன்னும் முழுக்க அவிழ்க்காத முடிச்சைச் சிறுமூளை பத்து வயதில் அவிழ்த்துவிடுகிறது.

மனிதனுக்கு இருக்கும் இந்த ஞாபக சக்தி இயந்திரத்துக்கு இல்லை. நிற்கும் வண்டி நின்ற இடத்திலேயே கெடும். பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும். டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகப் போய்விடும், மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் இருப்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. அதை அடைக்க இந்தப் பிசின் துளியூண்டு போதும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேங்க் உள்ளே துருப்பிடிப்பது இப்படித்தான்.

டயர்தான் ஏமாற்றும். நாமக்கல் லாரிகளின் ஊர். அங்கே டயரைப் பற்றித் தெரியாதவர் குறைவு. மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "பட்டன் தேயவே இல்லீங்க. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நகத்த வச்சு அமுக்கிப் பாருங்க." அமுக்கினேன், நகம் பதியவில்லை. பக்கச் சுவரில் வரி வரியாக மெல்லிய வெடிப்பு. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆக்சிஜன் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போகிறது. மென்மை தரும் எண்ணெய்கள் வெளியேறிவிடுகின்றன. ஓசோன் மேற்பரப்பைக் கீறுகிறது. ஓடாவிட்டாலும் இதெல்லாம் நடக்கும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் ரப்பர் இறங்கிக் கவ்வினால்தான் பிடிமானம். இறுகிய ரப்பர் மேலோடு வழுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1412 என்றிருந்தால் 2012ஆம் வருடத்தின் 14ஆவது வாரம் செய்தது. பழைய வண்டி கைக்கு வந்தவர்கள் பாலிஷ் போடுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான். உடம்பு வண்டியோடு ஒரே நாளில் சேர்ந்துவிடுகிறது; அதனால் எல்லாம் திரும்பிவிட்டது என்ற தைரியம் வந்துவிடுகிறது. சாலையைப் படிக்கும் கண் அத்தனை வேகமாகத் திரும்புவதில்லை.

எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை, அதன் உருவம் விழித்திரையில் பெரிதாகும் வேகத்தை வைத்தே மூளை பெரும்பாலும் கணிக்கிறது. இரண்டரை மீட்டர் அகல லாரி 100 மீட்டரில் ஒன்றரைப் பாகைகூடத் தெரியாது. 50 மீட்டரில் மூன்று பாகை, 25 மீட்டரில் ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவு. இருவரும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், முதல் இரட்டிப்புக்கு ஒன்றரை விநாடி, அடுத்த இரட்டிப்புக்கு முக்கால் விநாடி. நீண்ட நேரம் சும்மா இருப்பது போலிருந்து, திடீரென்று கண்ணை நிறைக்கும். முந்தலாமா வேண்டாமா என்ற முடிவு அந்தச் 'சும்மா' நேரத்தில் எடுக்க வேண்டியது. பழகிய கண்ணுக்கு அது தெரியும். விட்டுப்போன கண் மறுபடி அளவெடுத்துப் பழக வேண்டும். வயதும் குறுக்கே நிற்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

எதிரில் வருபவருக்கும் இதே சிக்கல். மோட்டார் சைக்கிள் சிறிய உருவம். சிறியது தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் தோன்றும். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தது. இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. ஓட்டியவர்களுக்குத் தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. பெரும்பாலோர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலில் மாமாவோ அண்ணனோ பின்னால் ஓடிவர நாம் கற்றது போலத்தான்.

முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை இப்போதாவது விட வேண்டும். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது. நின்றிருக்கையில் மொத்தச் சுமையில் பாதிக்கும் குறைவாகத் தாங்கும் முன்சக்கரம், பலமாக நிறுத்தும்போது 70 விழுக்காடுவரை தாங்கும். அழுத்தம் கூடக் கூடப் பிடிமானமும் கூடும். பின்சக்கரம் லேசாகி, தொட்டாலே இறுகிச் சறுக்கும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னால் வந்து சேர்வதற்குள் சக்கரம் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிழிந்தால் எடையும் பிடியும் சேர்ந்தே ஏறும். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் இறுகாமல் அது பார்த்துக்கொள்ளும். மாமாவின் வண்டியில் அந்த வேலை விரல்களுடையது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தாலே 17 மீட்டர் போய்விடுகிறது. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் அதற்கு மேல் 23 மீட்டர். வேகம் 80 என்றால் 22உம் 41உம். பழைய டிரம் பிரேக்குக்கு இதைவிட அதிகம் வேண்டும். ஞாயிறு காலையில் ஆளில்லாத மைதானத்தில் இதை மட்டும் பழகுங்கள் என்று, திரும்பி வரும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

மாமாவுக்கு மிகவும் பிடித்த பாதை கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பத்து மீட்டர் ஆரம் உள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் வண்டி சுமார் 17 பாகை சாய வேண்டும். 30 என்றால் 35 பாகை. பத்து கிலோமீட்டர் கூடியதற்குச் சாய்வு இரண்டு மடங்கு! வண்டி கனமா லேசா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். பார்வையும் அப்படியே. மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இருவர் 1994இல், வளைவில் கார் ஓட்டுபவர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்தார்கள். கை திருப்புவதற்கு ஓரிரு விநாடி முன்பே, வளைவின் உள் ஓரத்துக்குக் கண் போய்விடுகிறது. கண் போன வழியில் கை போகிறது. பயந்துபோய்க் கைப்பிடிச் சுவரையே பார்த்தால் வண்டி கைப்பிடிச் சுவருக்குத்தான் போகும்.

இறக்கத்தில் இன்னொரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் இத்தனை சூட்டையும் பிரேக் ஷூவின் தலையில் கட்டுகிறார்கள். டிரம் சூடேறி விரியும், ஷூவின் உராய்வு குறையும், கடைசி வளைவுகளில் பிரேக் பஞ்சாகிவிடும். இரண்டாம் கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரை மூடினால், என்ஜின் காற்றை இழுக்கவும் அமுக்கவும் பாடுபட்டு, வேகத்தைத் தானே தின்றுகொள்ளும். சூடு சிலிண்டரின் மடிப்புகள் வழியாகக் காற்றோடு போகும்.

போன வாரம் அத்தை கேட்டார்: "ஏங்கண்ணு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு மாமா கூட்டிட்டுப் போவாரு. ஒருக்கா போய்ட்டு வரலாமா?" பின்னால் ஆள் ஏறினால் எடை கூடும், பின்சக்கரத்தில் சுமை ஏறும், டயருக்குக் காற்று கூட்ட வேண்டும், நிறுத்தும் தூரத்தை மறுபடி மைதானத்தில் அளந்து பார்க்க வேண்டும். அத்தைக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். மழை விட்டு, தை பிறந்ததும் போகிறோம். விடியற்காலையில் கிளம்பி, வெளிச்சம் மங்குவதற்குள் காரவள்ளி இறங்கிவிட வேண்டும் என்று அவரிடமும் சொல்லியாயிற்று.